சுவரில் முடியாத தெரு

மனை விற்பதற்கு முன்பே, அங்கே வரப்போகும் வீடுகளுக்கு எத்தனை அடி மதில், என்ன நிறம், எந்தப் பக்கம் படி என்று விதி எழுதிவைப்பதுதான் என் வேலை. டிசைன் கோடு என்பார்கள். தனக்கென்று ஒரு வீடு இல்லாதவள் ஊரார் வீட்டுக்கெல்லாம் சட்டம் போடுகிறாள் என்று அம்மா கேலி செய்வாள்.

மயிலாடுதுறைக்கு வெளியே தன் குடும்பத்து நஞ்சையை மனைப்பிரிவாக்கிய சூர்யபிரகாஷ், அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். வரைபடத்தை விரித்தேன். கிழக்கு எல்லையில் 'கீழத்தெரு' என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் பிறந்த தெரு. அந்த நஞ்சையில்தான் அம்மா முப்பது வருஷம் நாற்று நட்டாள். கீழத்தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நேர்வழி கிடையாது. வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஐப்பசி மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான்.

ஒரே ஒரு விதிக்காகத்தான் மற்ற விதிகளையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். எந்தத் தெருவும் சுவரில் முடியக் கூடாது. பக்கத்துத் தெருவில் போய்ச் சேர வேண்டும்.

சூர்யபிரகாஷ் துபாயிலிருந்து திரும்பியவர், மரியாதையானவர். வீட்டுத் தளத்தை ரோட்டைவிட உயர்த்தச் சொன்னதற்குத் தலையாட்டினார். மாம்பழ மஞ்சள் கூடாது என்றதற்குச் சிரித்தார். இந்த விதி வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"சுடர்விழி மேடம், அந்தப் பக்கம் ஒரு சுவர் இருந்தாத்தாங்க வாங்குறவங்க வருவாங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும்தான். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. சொந்த ஊர் கேட்டால் மயிலாடுதுறை என்பேன். வாடகை அங்கேதான் கொடுக்கிறேன், பொய்யில்லை. தீயணைப்பு வண்டிக்கு இரண்டாவது வழி வேண்டும், மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடினேன். ஊரே தீப்பிடிக்கப் போவதுபோலப் பேசினேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விதி, எனக்குச் செய்த சலுகை ஆகியிருக்கும்.

கடைசியில் சூர்யபிரகாஷ் ஒத்துக்கொண்டார், விதி நிலைத்தது. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் ஏன் இத்தனை சந்தோஷப்படுகிறேன் என்று நான் மனம்விட்டுச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். நல்லது, சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஜெயித்த நாளில் இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

வீடுகள் எழும்பி ஆட்கள் குடிவந்த பிறகு, போன ஐப்பசியில், அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக ஊருக்குப் போனேன். இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். தெருக் கோடியில் என்னுடைய சிமெண்ட் ரோடு நேராக நீண்டு கிடந்தது. அம்மா வாய்க்கால் கரைப் பக்கம் திரும்பினாள்.

"ரோடு இருக்கும்மா."

"யாராச்சும் ஏதாச்சும் கேப்பாங்கடி."

"முப்பது வருஷம் நீ நடந்த எடம்மா இது."

"அப்ப நடவுக்குக் கூப்பிட்டாங்க, போனேன். இப்ப யாரு கூப்பிட்டா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரும் கேட்க மாட்டார்கள், நான் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ரோட்டில் நடந்தேன். மதில்களெல்லாம் நான் சொன்ன உயரம், நான் சொன்ன நிறம். மார்பளவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தேன். தெருவில் போகிறவர் முகமும் வீட்டில் இருப்பவர் முகமும் ஒன்றுக்கொன்று தெரியட்டும் என்று. அப்படியொரு மதிலுக்கு மேலே ஓர் அம்மாளின் முகம் தெரிந்தது.

"யாருங்க? யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க. பஸ்ஸுக்குப் போறேன்."

"அந்தப் பக்கத்துலேருந்தா வர்றே?"

ஆமாம் என்றேன். நான் முனை திரும்பும்வரை அவள் மதிலருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நிறுத்தத்துக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். வழி அவ்வளவு கிட்டம். வெகுநேரம் கழித்து அம்மா வந்தாள், செருப்பு கையில், சேலை ஓரமெல்லாம் சேறு. பக்கத்தில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லம்மா," என்றேன். "ஒருத்தரும் கேக்கலை."