ஐந்து புத்தகங்களில் இல்லாத பந்து

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. அதற்குத்தான் சம்பளமும் தருகிறார்கள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்த்து, பில்லில் ஓட்டை போட்டு அனுப்புவது என் வேலை. பதினேழு வருஷமாகச் செய்கிறேன். புடவை மடிப்புக்குள் பில் போடாத ரவிக்கைத் துணியை வைத்திருப்பவர்கள்தான் என்னைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள். அதனால் காரணமில்லாமல் யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் அவர்கள் பையை இன்னொரு தடவை பிரித்துப் பார்ப்பேன்.

டென்னிஸ் சாம்பியன் ஸ்ரீரங்கன் போனில் அப்படித்தான் பேசினார்.

"அன்புக்கரசிதானேம்மா? தங்கவேலோட பொண்ணு? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்காத்துக்கு வரலாமா? அப்பாவப் பார்க்கணும்."

நாற்பது வருஷமாகப் பார்க்கத் தோன்றாத அப்பாவை இப்போது பார்க்க வேண்டுமாம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வரச் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க நான் எத்தனை பில்லில் தப்பாக ஓட்டை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவர் ஏன் வருகிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் நான் ஒரு பதிவு போட்டிருந்தேன். நாலாயிரம் பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று கடையில் என்னோடு வேலை பார்க்கும் கயல் அன்றைக்கே பயமுறுத்தினாள். நோட்டீஸுக்குப் பதில் ஆளே வருகிறார் என்றால், அப்பாவிடம் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கத்தான் இருக்கும்.

அப்பா அடையாறில் ஒரு பெரிய கிளப்பில் மார்க்கராக இருந்தவர். உறுப்பினர்களுக்கு ஆட ஜோடி கிடைக்காத நாளில் எதிர்ப்பக்கம் நின்று ஆடுவதற்கென்று சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆளுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். மார்க்கருக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆட்டம் சுவாரசியமாக இருக்க வேண்டும், ஆனால் கடைசி கேம் சாருக்குப் போக வேண்டும். தொப்பை சரிந்த டாக்டர், முட்டி தேய்ந்த ஜட்ஜ் என்று அப்பா முப்பத்து மூன்று வருஷம் எல்லோரிடமும் தோற்றார். அந்தத் தோல்வியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

ஸ்ரீரங்கனுடைய கதை அங்கேதான் தொடங்குகிறது. அவர் வாழ்க்கையைப் பற்றி இதுவரை ஐந்து புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூன்று ஆங்கிலத்தில், இரண்டு தமிழில். ஐந்துமே எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் கோட்டூர்புரம் நூலகத்தில் கிடைக்கும். விடுமுறை நாட்களில் அங்கே உட்கார்ந்து, ஆங்கிலத்தில் புரியாததைப் பக்கத்தில் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு, ஐந்தையும் முடித்தேன். எல்லாவற்றிலும் முதல் அத்தியாயம் ஒன்றுதான். பதினான்கு வயது மயிலாப்பூர்ப் பையன், கிளப்பிலேயே நன்றாக ஆடுகிற மார்க்கரை ஆறுக்கு நாலு என்று தோற்கடிக்கிறான்.

பில்லையும் பையையும் ஒத்துப் பார்க்கிற கண்ணில் அது தப்புமா? முதல் புத்தகத்தில் மார்க்கர் கைகுலுக்குகிறார். இரண்டாவதில் கட்டிப்பிடிக்கிறார். மூன்றாவதில் அவர் பெயரே தங்கராஜ். நாலாவதில் கண்ணீர் விடுகிறார். ஐந்தாவதில் "நீங்கள் உலகை ஆள்வீர்கள்" என்று ஆசீர்வாதம் செய்கிறார். அப்பா அப்படியெல்லாம் பேசி நான் கேட்டதே இல்லை. மழை வந்தால்கூட "வருது" என்பதோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். ஐந்தும் ஒத்துப்போன ஒரே விஷயம் ஸ்கோர்தான்.

சின்ன வயதில் நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அந்தப் பையனுக்கும் விட்டுக்குடுத்துட்டியாப்பா?" அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். வேறு எந்த ஆட்டத்தைக் கேட்டாலும் எப்படித் தோற்றேன் என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறவர், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பெருந்தன்மை, சொல்லிக்காட்ட மாட்டேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதைத்தான் பதிவில் எழுதினேன். 'ஐந்து புத்தகமும் ஒரு பொய்யில் தொடங்குகிறது. என் அப்பா விட்டுக்கொடுத்தார். அந்தச் சாம்பியன் என் அப்பா போட்ட பிச்சை.' கடைசி வரி கொஞ்சம் காரம்தான். எழுதும்போது குளுகுளுவென்று இருந்தது. அப்பாவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன், எப்படியும் தெரியப்போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கன் தனியாகத்தான் வந்தார். கீழே காரில் வக்கீல் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர்கூட இல்லை. எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு மூன்று மாடி ஏறி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் ஒரு ஃபைல். எனக்குத் தெரியாதா, கையெழுத்து வாங்குகிற காகிதம் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

"தங்கவேல், எப்படி இருக்கேள்?"

பத்து வயது பெரியவர் என் அப்பா. இன்றைக்கும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அப்பாவோ, போன மாதம் ஆபரேஷன் ஆன கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விருட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்க சார். கீறேன் சார். உக்காருங்க."

"அப்பா, நீ உக்காரு" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடித்தான் வந்தது.

காப்பி கொடுத்தேன். குடித்தார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ எழுதினதைப் படிச்சேம்மா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னா எழுதின?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீரங்கன் சொன்னார். "கோச்சுக்க வரலை. இப்போ ஆறாவது புத்தகம் வரது. இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் மத்தவா எழுதினது. இதை நானே எழுதிண்டிருக்கேன். முதல் அத்தியாயத்தை மாத்திட்டேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

ஃபைலைத் திறந்து படித்தார். நான் எழுதினதேதான். 'அன்று நான் ஜெயிக்கவில்லை. தங்கவேல் என்ற மார்க்கர் எனக்கு விட்டுக்கொடுத்தார். என் வாழ்க்கை அவர் தந்தது.' பிச்சை என்ற சொல் மட்டும் இல்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பழக்கதோஷம், ஆடு நனைகிறதே என்று ஓநாய் எதற்கு அழுகிறது என்றுதான் புத்தி போனது. நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார். ஜெயிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட மகான் என்று நாலு பேர் மேடையில் சொல்வார்கள். புத்தகமும் விற்கும்.

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னாத்துக்கு சார் ஒத்துக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா எனக்கும் சந்தேகம்தாம்மா." அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்குக் கடைசி ரெண்டு கேம்ல இவர் சுலபமான பந்தையெல்லாம் நெட்டுல அடிச்சார். இவர் அப்படி அடிக்கிறவர் இல்லை. அப்புறம் நான் எவ்வளவோ ஜெயிச்சேன். ஒவ்வொரு தடவை கப்பைக் கையில வாங்கறச்சேயும், முதல் ஆட்டமே கடன் வாங்கினதோன்னு ஒரு உறுத்தல். உன் பதிவைப் படிச்சதும் அதுதான்னு நிச்சயமாயிடுத்து."

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அத்த அடிச்சிடுங்க சார். அது பொய்யி."

"அப்பா" என்றேன்.

"நீ சும்மா இரு." அப்பா என்னிடம் இந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "அன்னிக்குக் காலைல கிளப்பு செக்ரட்டரி என்னைக் கூப்ட்டாரு சார். பையன் அடுத்த வாரம் டில்லிக்கு ஆடப் போறான், அவனாண்ட இன்னா கீதுன்னு பாக்கணும், இன்னிக்கு மட்டும் விட்டுக்குடுக்காம ஆடுடான்னாரு. இத்த உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னாரு. நான் ஓடிப்போயி முகத்த கழுவிக்கினு வந்தேன். அப்டி ஒரு நாளு எனக்கு வந்ததே இல்ல."

ஸ்ரீரங்கன் ஃபைலை மூடவில்லை. "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றேள்."

மார்க்கர் வேறு எப்படிப் பேசுவார் என்றுதான் எனக்கும் தோன்றியது. கடைசி கேம் சாருக்கு. அறுபத்தொன்பது வயதிலும் அப்பா அதையே செய்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சுக்கு நாலுல, இன்னும் ஒரு பாயிண்டு எடுத்தா நீங்க ஜெயிச்சிடுவீங்கன்னு இருந்தப்ப, ஒரு பந்து அடிச்சீங்க" என்றார் அப்பா. "என் பேக்ஹேண்டுப் பக்கம், மூலைல. நான் அவுட்டுன்னு சொன்னேன்."

ஸ்ரீரங்கன் நிமிர்ந்தார்.

"அது உள்ள வுழுந்தது சார். கோட்டு மேலயே வுழுந்து சுண்ணாம்பு தெறிச்சிச்சி. நான் அவுட்டுன்னு சொல்லிட்டு, நீங்க வந்து பாக்கறதுக்குள்ள மண்ணுல பந்து பட்ட தடத்த கால்ல தேச்சிட்டேன். விட்டுக்குடுக்கறவன் இன்னாத்துக்கு சார் தடத்த தேய்க்கிறான்?"

நான் ஸ்ரீரங்கன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருடியவரின் பையைப் பிரிக்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

"உள்ளேன்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "நான் பார்த்தேன். சொல்லியிருந்தா உங்களை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பா. அதான் சொல்லலை. ஆனா மனசுக்குள்ள அந்தப் பந்தோட ஆட்டம் முடிஞ்சுடுத்து. யார் கேட்டாலும் ஆறுக்கு நாலுன்னுதான் சொன்னேன்."

"ஏழுக்கு அஞ்சு சார்."

"ஆமாம். ஏழுக்கு அஞ்சு."

ஐந்து புத்தகத்திலும் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அந்த ஆறுக்கு நாலுதான். அதுதான் பொய்.

"அப்போ அந்தக் கடைசி ரெண்டு கேம்?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன். "தப்பா சொல்லிட்டோமேன்னு உறுத்தித்தான் நீங்க விட்டேள்னு நினைச்சேன்."

"உறுத்தவே இல்ல சார். ஜெயிச்சிடலாம்னுதான் இருந்தேன்." அப்பா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "அஞ்சுக்கு அஞ்சு வரிக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல முடிக்கத் தெரியல. முடிச்சுப் பழக்கமே இல்லியே. எல்லா நாளும் அந்த எடத்துலதான நெட்டுல அடிப்பேன். கை அதே மாரி போயிடிச்சி."

எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. அந்த டாக்டர் மேல், ஜட்ஜ் மேல், செக்ரட்டரி மேல். ஸ்ரீரங்கன் மேல் மட்டும் வரவில்லை, எவ்வளவு முயன்றும்.

அவர் பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் குறுக்கே கோடு போட்டார்.

"தடத்தைத் தேய்ச்சதை எழுதலைன்னா யாரும் நம்ப மாட்டா. எழுதினா உங்களைத் தப்பாப் பேசுவா."

"எழுதுங்க சார். பேசட்டும். ஜெயிக்கணும்னு ஆடுனான்னு தெரியட்டும்."

கிளம்பும்போது ஸ்ரீரங்கன் கை நீட்டினார். அப்பா கும்பிடப் போனவர், பிறகு கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையை விடாமல் அப்பா காதில் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் நின்ற பிறகுதான் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி பேரு படிச்சாங்க?"

"நாலாயிரம் பேரு ஷேர் பண்ணாங்க. படிச்சவங்க அதுக்கு மேல."

"பிச்சைன்னு போட்டியாமே. கெளம்பும்போது கையப் புடிச்சிக்கினு அதான் கேட்டாரு, பிச்சைன்னு இனிமே போட வேணாம்னு சொல்லுங்கன்னு."

"உன்ன ஒசத்தித்தான்பா எழுதினேன்."

"முப்பத்து மூணு வருசம் எல்லாத்தையும் விட்டுக்குடுத்தேன். விட்டுக்குடுக்காம ஆடினது அது ஒண்ணுதான். அதையும் விட்டுக்குடுத்தேன்னு ஊருக்கே சொல்லிட்டியேம்மா."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வாய்க்கு நான் குறைந்தவள் இல்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அதனால் அழுதுவிட்டேன். ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்ட நான், எனக்குப் பிடித்த கதையை மட்டும் ஒத்துப் பார்க்காமலே விட்டிருக்கிறேன்.

போனை எடுத்துப் பழைய பதிவை அழித்தேன். புதிதாக எழுத உட்கார்ந்தேன். அப்பா பக்கத்து நாற்காலிக்கு வந்தார். எழுத எழுத வாசித்துக் காட்டச் சொன்னார். செக்ரட்டரி சொன்னது, அவுட் என்றது, தடத்தைத் தேய்த்தது எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

"'கடைசிவரை வீரமாகப் போராடி, என் அப்பா கௌரவமாகத் தோற்றார்'" என்று வாசித்தேன்.

"அந்த வீரம், கௌரவம்லாம் எடுத்துடு" என்றார் அப்பா. "தோத்தாருன்னு போடு."