பதினேழாம் தொட்டி

1

இந்தக் கதை அக்காவிடமிருந்து திருடியது. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும், "இத எழுதித் தொலைச்சிடாதடா" என்றாள். எழுதுகிறவனிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"கண்ணாடிக் கூடத்தில் வெயில்" (வேண்டாம். வெயிலில் தொடங்காத கதையே நான் எழுதியதில்லை.)

"சூரியகாந்தி எண்ணெயில் சமைக்கும் ஒவ்வொருவரும்" (பிரசங்கம்.)

"அக்கா புழுக்களைப் பொறுக்கினாள்." இது இருக்கட்டும்.

2

அக்கா ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அங்கே சூரியகாந்திக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இலையைத் தின்றால் புழு செத்துவிடும். அதைச் சோதிக்க இருபது தொட்டிகள்: முதல் பத்தில் மரபணு சேர்த்த செடி, அடுத்த பத்தில் சாதாரணச் செடி. செடிக்குப் பத்துப் புழுவாகத் தூரிகையால் தொட்டு இலையில் விடுவது அக்காவின் வேலை. பிறகு ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாதாரணச் செடிகள் மொட்டையானால்தான் மற்றவை பிழைத்ததற்கு அர்த்தம்.

(இதே அக்கா, வீட்டு ஜன்னலில் இருக்கும் ரோஜாவில் ஒரு புழுவைக் கண்டால், பேச்சை நிறுத்தாமலேயே கிள்ளி எறிவாள்.)

பதினேழாம் தொட்டியில் இருந்தது சாதாரணச் செடி. அன்று யாரோ ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே அக்கா அதிலிருந்த புழுக்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டாள். கை தானாகப் போனது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவள் என் அக்கா.

3

தலைமை விஞ்ஞானியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர். பதினேழாம் தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேவிட்டாராம்.

"ஏம்மா, இங்க பாருங்க. மரபணு சேர்க்காமலே இது தாங்கி நிக்குது. நாம எங்கெங்கயோ தேடினது இங்கயே இருந்திருக்கு."

"ஆமா சார்" என்றாள் அக்கா.

அந்தச் செடியின் விதையைப் பெருக்கினார்கள். நாளை மறுநாள் ஒரு விவசாயியின் நிலம் முழுக்க விதைக்கப் போகிறார்கள். பூச்சிமருந்தே தேவைப்படாது என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. அவருக்கு இருப்பது அந்த ஒரு நிலம்தான்.

(விதையை மறுபடி சோதிக்காமலா வயலுக்குக் கொண்டுபோவார்கள்? கூர்மையான வாசகர் இங்கே என்னைப் பிடிப்பார். அக்காவிடம் கேட்க வேண்டும்.)

4

முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். வேலை போகிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் அந்த விவசாயி ஒரு நாள் காலையில் வரப்பில்

இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

5

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது அக்காதான். அவள் வீட்டில்தானே இருக்கிறேன். இதையும் நேற்று சாப்பாட்டு மேசையில் வைத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். காலையில் பார்த்தால், மூன்றாம் பகுதியில் என் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:

"மறுசோதனை நடந்துச்சு. புழு விட்டதும் நான்தான். அப்பவும் பொறுக்கினேன். அந்தத் தடவ கை தானா போகல."

நான் நிமிர்ந்தபோது எதிரில் நின்றிருந்தாள்.

"ஏன்க்கா?"

"மொத தடவையே வாயத் திறந்திருக்கணும்டா. திறக்கல. அப்புறம் பயந்துட்டேன்."

என் கையிலிருந்து தாள்களை வாங்கி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தலைமை விஞ்ஞானியிடம் காட்டவா, வழியில் கிழித்துப் போடவா என்று நான் கேட்கவில்லை.

முடிவை உங்களிடம் விடுகிறேன் என்று இங்கே எழுதுவது வழக்கம். நழுவுவதற்கு எங்களுக்கு இருக்கும் மரியாதையான வழி அது. ஆனால் தலைமை விஞ்ஞானியின் எண் என் கைபேசியில் இருக்கிறது. மணி பதினொன்று. அக்காவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவருக்குத் தெரியாதது இப்போது எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

நாளை விதைப்பு.