ஒத்தீலியாவின் ஓட்டு

யூலாலி தொரிவால் விமானத்திலிருந்து படியிறங்கியபோது அவளை வரவேற்க ஒரு மந்திரிகூட வந்திருக்கவில்லை. மற்ற பயணங்களிலிருந்து திரும்பும்போதெல்லாம் போலீஸ் பாண்டு முழங்கும்; மந்திரிகள் வெயிலில் வரிசையாக நின்று வியர்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று தூறல் மட்டும் இருந்தது. ஓடுபாதையின் ஓரத்தில், ஒரு கையில் குடையும் மறு கையில் கழற்றிய செருப்புமாக ஒத்தீலியா சேவியர் நின்றிருந்தாள்.

"எங்கடி எல்லாரும்?" என்றாள் யூலாலி.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல், கொமே. நாட்டுல கொசு பெருகிப் போச்சு. நீதான பிரதம மந்திரி, நீதான் பதில் சொல்லணும்."

யூலாலி சிரித்துவிட்டாள். ஒத்தீலியாவின் மகன் ஜெர்வேசுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள் அவள். பெற்றவளும் ஞானத்தாயும் அதற்குப்பின் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கொமே என்றுதான் அழைப்பார்கள். கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியாததைக்கூட கொமேயிடம் சொல்லலாம் என்பது அந்தத் தீவின் வழக்கம்.

கார் மலையேறத் தொடங்கியது. அந்தச் சாலையே யூலாலி போட்டதுதான். அதற்குமுன் கிழக்குக் கரைக்காரர்கள் தலைநகர் பூர்குக்கு வர வேண்டுமென்றால் படகேற வேண்டும், இல்லையென்றால் காடு வழியாகக் கழுதையோடு நடக்க வேண்டும். அரசியலுக்கு வருமுன் யூலாலி பிரசவம் பார்க்கும் நர்சாக இருந்தாள். பிரசவ வலி கண்ட பெண்களைச் சுமந்துகொண்டு அந்தக் காட்டுவழியில் வந்தவர்கள் பாதியிலேயே பிணத்தோடு திரும்பிப் போனதைப் பலமுறை பார்த்தவள். பெரும்புயல் வந்து தீவின் கூரைகளையெல்லாம் கடலில் கொண்டுபோய்க் கொட்டிய வருஷம், அன்றைய அரசாங்கம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யூலாலி மருந்துப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். ஆன்ஸ் நுவார் என்ற மீனவர் ஊரில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒத்தீலியா, ஜெர்வேஸ் பிறந்ததிலிருந்தே பழக்கமானவள், மகன் படகேறும் வயதுக்கு வந்துவிட்டதால் அவளுக்கு வழிகாட்ட வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவேயில்லை. ஒத்தீலியாவுக்கு இருந்தது கடல் தாண்டிக் கேட்கும் தொண்டை. அவள் கூட்டம் கூட்டுவாள், யூலாலி பேசுவாள். "உங்கள்ல பாதிப் பேரு பொறந்ததும் முதல் அடி வாங்குனது என் கையாலதான். ரெண்டாவது அடி வாங்காம ஓட்டுப் போடுங்க!" என்று யூலாலி சொன்னால் சந்தையே குலுங்கும்.

அப்படித்தான் அந்தத் தீவுக்கு முதல் பெண் பிரதமர் கிடைத்தாள். ஒத்தீலியாவும் ஆன்ஸ் நுவார் தொகுதியில் வென்று சபை உறுப்பினரானாள். ஆறு வருஷத்தில் மலைச்சாலை வந்தது. ஆற்றை மறித்து மின்சாரம் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வயிறு கிழித்த ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்தது. இப்போது மூன்று வாரம் ஐரோப்பாவில் கதவு கதவாகத் தட்டி, தீவின் வாழைப்பழத்துக்குச் சந்தை பறிபோகாமல் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"லரோக் என்ன பண்ணிட்டிருக்கான்?" என்று காரில் கேட்டாள்.

கத்பர்ட் லரோக் துணைப் பிரதமர். வடக்குக் கடற்கரையை வெளிநாட்டு ஹோட்டல்காரர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றவன். யூலாலி முடியாது என்றிருந்தாள்.

"வாய்க்கு வந்ததப் பேசிட்டுத் திரியறான். நாளைக்குச் சபையில உன்மேல நம்பிக்கையில்லைன்னு தீர்மானம் கொண்டு வரப் போறானாம்."

"எத்தன பேர் அவன்கூட?"

ஒத்தீலியா ஜன்னலைத் துடைத்தாள். "போதாது. மொதல்ல சாப்பிட வா. மூணு வாரமா அந்தக் குளிர்ல என்னத்தத் தின்னியோ, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு."

பூர்கில் ஒத்தீலியாவின் வாடகை வீட்டுச் சமையலறையில் சேப்பங்கிழங்கும் பச்சை வாழைக்காயும் வெந்துகொண்டிருந்தன. உப்புமீனை வெங்காயம், மிளகாயோடு வதக்கிப் போட்டாள். யூலாலி காலணியைக் கழற்றிவிட்டு, பாவாடையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சாப்பிட்டாள். உலகத்தில் அவள் அப்படி உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது ஒன்றுதான்.

"யாரு யாருன்னு பேரச் சொல்லு. ராத்திரிக்குள்ள நானே போய்ப் பேசிடறேன்."

"ஒருத்தர் வீட்டு வாசல்லயும் நீ போய் நிக்க வேண்டாம்," என்றாள் ஒத்தீலியா, இன்னொரு கிழங்கை அவள் தட்டில் வைத்தபடி. "நீ பிரதம மந்திரி. தூங்கு. காலைல அந்த நீல உடுப்பப் போட்டுட்டு வா. அதுல நீ ராணி மாதிரி இருப்ப."

யூலாலி அதைக் கேட்டாள். போய்த் தூங்கினாள்.

மறுநாள் சபையில் லரோக் நெடுநேரம் பேசினான். இந்த அம்மையார் யார் பேச்சையும் கேட்பதில்லை, மந்திரிகளைப் பிரசவ வார்டு ஆயாக்களைப் போல நடத்துகிறார், வேலைவாய்ப்பு தரும் ஹோட்டலை விரட்டிவிட்டார் என்றெல்லாம். யூலாலி மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். வாக்கெடுப்பு குடும்பப் பெயர்களின் ஆங்கில எழுத்து வரிசைப்படி நடந்தது. அவளே வளர்த்துவிட்டவர்கள் இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் ஓட்டளித்தார்கள். எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். கடைசிப் பெயருக்கு முன்பு இரு பக்கமும் சமமாக நின்றது. கடைசிப் பெயர், எக்ஸ் எழுத்தில் தொடங்கும் சேவியர். யூலாலி மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஒத்தீலியா எழுந்து நின்றாள். கடல் தாண்டிக் கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து முதல் முறை சத்தம் வரவில்லை. சபாநாயகர் மறுபடி கேட்டார்.

"தீர்மானத்துக்கு ஆதரவு," என்றாள்.

தவறாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் யூலாலி முதலில் நினைத்தாள். திருத்திக்கொள்ளச் சொல்லித் தன் கையைக்கூட உயர்த்தினாள். அந்தக் கை உயர்ந்ததைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒத்தீலியா நேராக அவளைப் பார்த்தாள், குனியவில்லை. அப்போதுதான் அது தவறில்லை என்று யூலாலிக்கு உறைத்தது. நேற்று யார் வீட்டுக்கும் போகவேண்டாம் என்று சொன்னது, தட்டில் கிழங்கு வைத்தது, உடுப்பு வரைக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. எழுந்து வெளியே நடந்தாள். வாசலில் வாழைக்குலை சுமக்கும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "மா யூலாலி, கழுத்தறுத்துட்டாளே அந்தச் சிறுக்கி, உங்க உப்பத் தின்னவ!" என்று அழுதார்கள். உண்மையில் உப்பைத் தின்றது தான்தான் என்பது யூலாலிக்குத் தோன்றியது.

கட்சியை உடைத்துக்கொண்டு லரோக் பதவியேற்றான். ஒத்தீலியா மந்திரி பதவி கேட்கவில்லை என்று கேள்விப்பட்டபோது யூலாலிக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. எதற்காகத் தன் ஓட்டை விற்றாள் என்று தெரிந்தாலாவது மனம் ஆறும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் போல பஸ் ஏறி, தான் போட்ட மலைச்சாலை வழியாக ஆன்ஸ் நுவாருக்குப் போனாள்.

கருமணல் கரையில் ஒத்தீலியா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வருவேன்னு தெரியும்," என்றாள்.

"எதுக்குடி செஞ்ச? என்ன தந்தான் அவன்?"

"படகுத்துறை கட்டித் தரேன்னான்."

"படகுத்துறையா? அதுக்கா? என்கிட்டக் கேட்டா நான் கட்டித் தரமாட்டனா?"

ஒத்தீலியா கத்தியைக் கீழே வைத்தாள். "கேட்டேன். நீயும் தரேன்ன. இதே மணல்ல நின்னு சொன்ன. கல்லு வந்து எறங்குச்சு, சிமென்ட் வந்துச்சு. மழைக்காலத்துல லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போச்சு."

"ஆத்து அணை உடையற நிலைமையில இருந்துச்சு. அணை போயிருந்தா ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் இல்ல. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அடுத்த வருஷம் கட்டலாம்னு..."

"அடுத்த வருஷந்தான் ஜெர்வேஸ் செத்தான்."

அலை வந்து மணலில் விழுந்தது. துறை இல்லாத அந்தக் கரையில் படகை அலையோடு அலையாகத்தான் இழுத்து ஏற்ற வேண்டும். ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் கடல் கொந்தளித்திருந்த நாளில் ஜெர்வேஸ் படகை இழுக்கும்போது அது புரண்டு பாறையோடு அவனை நசுக்கியது. யூலாலி வந்தாள், சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தாள், கோயிலில் பேசினாள்.

"நம்ம பிள்ளையக் கடல் எடுத்துக்கிச்சுன்னு கோயில்ல சொன்ன," என்றாள் ஒத்தீலியா. "கடல் எடுக்கல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்லை எடுத்தது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு காத்துக் கெடந்தேன். சபையில வேண்டாம், ஊருக்கு முன்னால வேண்டாம், என் அடுப்படியில உக்காந்து சொல்லியிருந்தாப் போதும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து தின்னுட்டு, ரோடு கதை, கரன்ட் கதை பேசிட்டுப் போன."

"நீ வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ பதில் சொல்லியிருப்ப. உன்கிட்ட எல்லாத்துக்கும் நியாயமான பதில் இருக்கும். எனக்கு அது வேண்டியிருக்கல."

யூலாலிக்கு இன்னும் கோபம் போகவில்லை. "அதுக்காக எனக்குச் சோறு போட்டு, தூங்குன்னு சொல்லி அனுப்பினியே. மூஞ்சிக்கு நேரா எதிர்த்து நின்னிருந்தா நான் தாங்கியிருப்பேன்."

"அது தப்புத்தான்," என்றாள் ஒத்தீலியா, கத்தியை மறுபடி எடுத்தபடி. "நீ எனக்குப் பண்ணின மாதிரியே பண்ணிப் பாக்கணும்னு இருந்துச்சு. பண்ணினப்புறம் சந்தோஷமும் வரல. போ யூலாலி, கடைசி பஸ் போயிடும்."

லரோக் ஆன்ஸ் நுவாரில் அடிக்கல் நட்டான். படம் பத்திரிகையில் வந்தது. இரண்டாவது கல் வரவில்லை. வடக்குக் கடற்கரையில் வேலி மட்டும் சுறுசுறுப்பாக எழும்பியது. அடுத்த தேர்தலில் அவனே வென்றான். யூலாலியின் கட்சியில் மிஞ்சியது சொற்பம். ஒத்தீலியா ஆளும் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

எதிர்க்கட்சித் தலைவியாக யூலாலி எழுப்பிய முதல் கேள்வி ஆன்ஸ் நுவார் படகுத்துறை பற்றியது. லரோக் அதற்காகவே காத்திருந்தவனைப் போல எழுந்தான்.

"ஆறு வருஷம் நாற்காலியில உக்காந்திருந்தீங்களே, மா யூலாலி, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை?"

அவன் பக்கத்து மேசைகள் அதிர்ந்தன. உட்காரும்படி அவள் கட்சிக்காரர் ஒருவர் அவள் கையைத் தொட்டார். அவள் உட்காரவில்லை.

"துறைக்கு வந்த கல்லை அணைக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னது நான்," என்றாள். "திருப்பித் தரேன்னேன், தரல. அதனால என் ஞானமகன் செத்தான். அவன் பேரு ஜெர்வேஸ் சேவியர். கடல்மேல பழி போட்டேன். பழி என்னோடது. இப்ப சொல்லுங்க, நீங்க எப்பக் கட்டப் போறீங்க?"

ஒத்தீலியா எழுந்து, யாரையும் பார்க்காமல், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினாள். யூலாலி பின்னால் போனபோது தாழ்வாரத்தில் யாருமில்லை. அன்று மாலையே கட்சிக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே கட்சிக்குக் குழி தோண்டிவிட்டதாகக் கத்தினார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதற்குப்பின் அவள் பிரதமராகவில்லை.

ஆனால் சபையில் அப்படி வெளிப்படையாகக் கேட்ட கேள்வியை லரோக்கால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆன்ஸ் நுவார் மீனவர்கள் பூர்குக்கு வந்து சபை வாசலில் வலையை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். மறு வருஷம் துறை எழுந்தது. திறப்பு விழாவுக்கு யூலாலிக்கு அழைப்பு வரவில்லை. வீட்டில் வானொலியில் கேட்டாள்.

ஒத்தீலியா பேசினாள். தொண்டை பழையபடி கணீரென்றிருந்தது. மகனின் பெயரைச் சொன்னாள். கல் சுமந்தவர்கள், வலை விரித்த மீனவர்கள், லரோக்கைக்கூடச் சொல்லி நன்றி தெரிவித்தாள். யூலாலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பேச்சு முடிந்து பாண்டு வாசிக்கும் வரை கேட்டாள். அவள் பெயர் வரவில்லை.

வானொலியை அணைத்தாள். அடுப்பில் கிடந்த சீமைப்பலா ஒரு பக்கம் கருகத் தொடங்கியிருந்தது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, தட்டு ஒன்றை எடுத்து வைத்தாள்.