நவம்பரில் ஒரு தேதி

ஏதென்ஸ் குடியேற்ற அலுவலகத்தில் ஃபெரிதே அக்கா கணவரை விட்டு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போய்க் குனிந்து, "அக்கா, அண்ணன் பக்கத்துல போய் உட்காருங்க. உள்ள இருக்கிறவங்களுக்குக் கண்ணாடி வழியா எல்லாம் தெரியும்" என்றேன்.

"பக்கத்துல உட்கார்ந்தாத்தான் புருஷன் பொண்டாட்டியா?"

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க."

"இந்த ஒரு நாளைத்தான் நானும் ரெண்டு வருஷமா பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்று எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் தன் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். துன்ஜாய் அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல் கூரையைப் பார்த்தார். எதிர் வரிசையில் அவர்கள் மகள் இல்கின் நகத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிக் கவனித்தாள்.

என் பெயர் சப்ரியே. ஊர் கிரீஸின் வடக்கே கொமோதினி. அங்கே எங்கள் வீட்டுக்குள் துருக்கி மொழி, வாசலைத் தாண்டினால் கிரேக்கம். அந்த இரண்டு மொழிதான் ஏதென்ஸில் எனக்குச் சோறு போடுகிறது. ஸ்தமாத்தியா என்ற வக்கீலம்மாவிடம் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் துருக்கியிலிருந்து வரும் இஸ்தான்புல், இஸ்மிர்க்காரர்கள். இங்கே ஒரு வீடு வாங்கினால் குடியிருப்பு அட்டை கிடைக்கும், அது இருந்தால் விசாவுக்கு யார் வாசலிலும் நிற்காமல் ஐரோப்பாவுக்குள் போய்வரலாம் என்று வருகிறார்கள். வீடு சீக்கிரம் கிடைத்துவிடும். அட்டைக்கு முதலில் கைரேகை வைக்க ஒரு தேதி வரவேண்டும். அது வருவதற்குள் அதிகாரி மாறுவார், கணினி மாறும், வேலைநிறுத்தம் வரும். கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். அந்த வாக்கியத்தை நான் தூக்கத்தில்கூட மொழிபெயர்ப்பேன்.

ஃபெரிதே அக்காவுக்கு இஸ்மிரில் மருந்துக்கடை. துன்ஜாய் அண்ணன் சலவைக்கல் ஏற்றுமதி. கடலோரத்தில் அக்காவின் அப்பா விட்டுப்போன வீட்டை விற்று, அண்ணனும் தன் பங்கைப் போட்டு, ஏதென்ஸில் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினார்கள். விண்ணப்பம் அண்ணன் பெயரில். அக்காவும் இல்கினும் அவரைச் சார்ந்தவர்கள் என்று கோப்பில் சேர்ந்தார்கள்.

விண்ணப்பம் போட்ட சில மாதத்திலேயே, அண்ணனுக்கு அங்காராவில் இன்னொரு பெண்ணோடு தொடர்பு என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றே அவரை வீட்டை விட்டு அனுப்பினார். மறுநாள் எங்களுக்குப் போன் வந்தது. "நான் விவாகரத்து பண்ணணும். என் அட்டை என்ன ஆகும்?"

வக்கீலம்மா சொன்னதை நான் சொன்னேன். "விவாகரத்து ஆனா உங்க பேரு கோப்பிலிருந்து போயிடும். அட்டை கைக்கு வரட்டும், அப்புறம் உங்க இஷ்டம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாசம்" என்றார் வக்கீலம்மா. எல்லோரிடமும் அவர் சொல்வது அதுதான்.

அக்காவுக்கு ஐரோப்பா சுற்றிப்பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது. அவருடைய அக்கா நெஸ்ரின் கல்யாணமாகிப் போனதிலிருந்து ஜெர்மனியில், மான்ஹைமில் இருந்தார். அவருக்குப் புற்றுநோய். ஃபெரிதே அக்கா சாதாரண விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். திரும்பி வருவாரா என்பதில் சந்தேகம் என்று இரண்டு முறையும் தள்ளிவிட்டார்கள். "கடையைப் பூட்டிட்டு அங்க போய் நான் என்ன தெரு கூட்டப் போறேனா?" என்று என்னிடம் கத்தினார். கத்துவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியாகவே இருந்தார். அண்ணன் வேறு வீட்டில். பண்டிகைக்கு இருவரும் சேர்ந்து மாமியார் வீட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள். அடிக்கடி எனக்குப் போன் போட்டு, "தேதி வந்துச்சா?" என்பார். "இன்னும் இல்லக்கா" என்பேன்.

பிப்ரவரியில் நெஸ்ரின் இறந்துபோனார். ஜெர்மனியில் இருக்கும் துருக்கிக்காரர்கள் சங்கம் வைத்துச் சந்தா கட்டுவார்கள். யாராவது இறந்தால் அந்தச் சங்கமே உடலை ஊருக்கு அனுப்பிவைக்கும். இஸ்மிர் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் கையெழுத்துப் போட்டு ஃபெரிதே அக்காதான் பெட்டியை வாங்கினார். நாற்பதாம் நாள் கழிந்தபின் என்னைக் கூப்பிட்டார். "விசா இல்லாமயே வந்துட்டா, சப்ரியே" என்றார்.

ஜூனில் தேதி வந்தது.

இனி எதற்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் வந்தார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. அப்பா வீடு போனதுக்கு ஒரு அட்டையாவது மிஞ்சட்டும்" என்றார்.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஆறிப்போன காபி. எங்கள் வக்கீலம்மா அடுத்த அறையில் வேறொருவர் கோப்பைப் பற்றி யாரிடமோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். துன்ஜாய் அண்ணன் கைரேகைக் கருவியின் கண்ணாடியில் விரல்களை வைத்தார். பச்சை விளக்கு. இல்கின் வைத்தாள். பச்சை விளக்கு. அக்கா மோதிரத்தைக் கழற்றி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார்.

அப்போது அந்த அம்மா திரையைப் பார்த்தபடி, பேச்சோடு பேச்சாக என்னிடம் கிரேக்கத்தில் சொன்னார். "இவங்க நவம்பர்லயே வந்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். எதுக்கு ரத்து பண்ணினாங்க?"

எனக்குப் புரியவில்லை. "வேற யாரோட கோப்பையாவது பார்க்குறீங்களாம்மா?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். இவர்கள் குடும்பப் பெயர்தான். நவம்பரில் ஒரு தேதி. அதற்குக் கீழே, விண்ணப்பதாரரே இணையத்தில் ரத்து செய்தார் என்று இருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் அக்கா.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் நவம்பர் என்ற சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தலையை மிக மெதுவாக இடமும் வலமும் அசைத்தார். என்னைக் கெஞ்சினார்.

கையை நன்றாகத் துடைக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைய வேலை நல்லபடியாக முடிந்திருக்கும். என் நாக்கு நுனியில் அந்தப் பொய் இருந்தது. ஆனால் தேதி வந்துச்சா, தேதி வந்துச்சா என்று கேட்ட அந்தக் குரலும் என் காதிலேயே இருந்தது.

"அக்கா, நவம்பர்ல ஒரு தேதி குடுத்திருந்தாங்களாம். நம்ம பக்கத்துலயிருந்தே ரத்து பண்ணியிருக்குன்னு சொல்றாங்க."

"நவம்பர்லயா? தேதியே வரலைன்னு நீதானே சொன்னே?"

"எங்க ஆபீசுக்கு வரலக்கா. விண்ணப்பதாரரோட கணக்குக்கு நேரா வந்திருக்கு."

அக்கா மெதுவாகத் திரும்பினார். "துன்ஜாய்."

"வெளியில போய்ப் பேசலாம்."

"இங்கயே பேசு."

"எல்லாரும் பார்க்குறாங்க, ஃபெரிதே."

"பார்க்கட்டும். இவங்களுக்காகத்தானே ரெண்டு வருஷமா பொண்டாட்டி வேஷம் போடுறேன்."

"அப்பா, சொல்லுப்பா" என்றாள் இல்கின்.

அவர் கைக்குட்டையை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நான்தான் ரத்து பண்ணினேன்."

"ஏன்?"

"அட்டை கைக்கு வந்த மறுநாளே நீ கோர்ட்டுக்குப் போவேன்னு தெரியும். அங்காரா விஷயமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச நாள் கிடைச்சா உன் மனசு மாறும்னு நினைச்சேன். பண்டிகையன்னிக்கு எங்கம்மா வீட்டுல நீ சிரிச்சே. நிஜமாவே சிரிச்சே. அதைப் பார்த்து..."

"நவம்பர்ல நெஸ்ரின் உயிரோட இருந்தா."

"அவ்வளவு சீக்கிரம் ஆகும்னு யாருக்குத் தெரியும்? வந்திருந்தாலும் அட்டை உடனே கைக்கு வந்திருக்குமா? கைரேகை வச்சிட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கிறவன் இல்லையா? சப்ரியேவையே கேளு."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. "வந்திருக்குமா?"

"சிலருக்கு ரெண்டு மாசத்துல வந்திருக்கு அக்கா. சிலருக்கு இன்னும் வரல. தெரியல."

அன்று நான் சொன்னதில் அதைவிட உண்மையானதும் இல்லை, உபயோகமற்றதும் இல்லை.

"பெரியம்மா போன்ல உங்கிட்டயும்தானே கேட்டாங்க?" இல்கின் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "'தேதி வந்துச்சா மாப்ளே'ன்னு? நீ என்ன சொன்னே?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

கவுண்டர் அம்மா பேனாவால் மேசையைத் தட்டினார். "அந்த அம்மாவோட விரல். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க." மொழிபெயர்த்தேன். அக்காவின் கை பாதி தூக்கிய நிலையில் கண்ணாடிக்கு மேலேயே நின்றது. வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

கையை இறக்கினார்.

"என் பேரை எடுக்கணும்னா என்ன செய்யணும்? கேளு."

அதற்குள் வக்கீலம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்களுக்கென்ன பைத்தியமா? விரலை வச்சிட்டு அப்புறம் அழச் சொல்லு! கிணறு தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான்."

நான் அதே வேகத்தில் சொன்னேன். அக்கா வக்கீலம்மாவை நேராகப் பார்த்து, "எவ்வளவு நாள்?" என்றார்.

வக்கீலம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"கோபத்துல முடிவு பண்ணாதே ஃபெரிதே" என்றார் அண்ணன். "உங்கப்பா வீட்டை வித்து வாங்கினது இது. என்னைத் தண்டிக்கணும்னா வேற வழியில தண்டி."

"உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு ஆளு. அவளையும் பெட்டியில போட்டு அனுப்பிட்டாங்க. இனி அட்டையை வச்சிக்கிட்டு நான் எங்க போக? இஸ்மிர்ல நாம இருந்த வீடு எனக்கு, இங்க வாங்கினது உனக்கு. சரியா?"

"சரி" என்றார் அவர். அவ்வளவு மெல்லிய குரலில் ஒரு பெரிய மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப நானும் எடுத்துக்குறேன்" என்று இல்கின் முன்னே வந்தாள்.

"நீ சும்மா இரு. உனக்கு முன்னால வயசு கிடக்கு. எங்க சண்டைக்கு நீ எதுக்கு நஷ்டப்படணும்?"

விலகல் கடிதத்தை நான் கிரேக்கத்தில் எழுதி, துருக்கியில் படித்துக் காட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்திய கவுண்டர் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இருந்ததைச் சொன்னீங்க."

அவர் அந்த ஆறிய காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் தெருமுனையில் நின்று புகைபிடித்தார். இல்கின் இருவருக்கும் இடையில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு எதிர்க்கடையில் தண்ணீர் வாங்கி முதலில் அப்பாவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் வந்தாள். அக்கா நடைபாதை ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மோதிரத்தை எந்த விரலில் போடுவது என்று தெரியாதவர் போல் உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கைப்பைக்குள் போட்டார். அப்புறம்தான் அழுதார். நெஸ்ரின் இறந்து இத்தனை மாதத்தில் அம்மா அழுது பார்க்கவில்லை என்று இல்கின் பிறகு சொன்னாள்.

கிளம்பும்போது அக்கா என்னிடம், "நீ சொல்லாம விட்டிருக்கலாம், இல்லையா?" என்றார்.

"விட்டிருக்கலாம்."

"நன்றியும் சொல்ல மாட்டேன், திட்டவும் மாட்டேன். போ."

செப்டம்பரில் இஸ்மிர் கோர்ட்டில் ஒரே காலையில் விவாகரத்து முடிந்தது. இருவரும் சம்மதித்தால் அங்கே அவ்வளவுதான் வேலை. இல்கினின் அட்டை அடுத்த வசந்தத்தில் வந்தது. ஒரே கோப்பு, ஒரே நாள் கைரேகை. ஆனாலும் அண்ணனுடையது வரவில்லை. ஏன் என்று கேட்டு வக்கீலம்மா மூன்று கடிதம் போட்டார். பரிசீலனையில் இருக்கிறதாம்.

அந்தக் கோடையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இஸ்மிர் போயிருந்தேன். அக்கா கடையை விசாரித்துப் போனேன். வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார். கடைப் பையனை அனுப்பித் தேநீர் வாங்கிவரச் சொல்லி, நாற்காலி போட்டு, என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. துன்ஜாய் அண்ணன். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டினார்.

அக்கா இரத்த அழுத்த மாத்திரையை எடுத்து, அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் எழுதினார். "காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. போன மாசம் மாதிரி மறந்துடாதே."

"என் அட்டை இன்னும் வரல" என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னிடமா, அக்காவிடமா?

"கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னால ஆளு நிக்குது" என்றார் அக்கா.