ஏணியின் முழங்கால்

விளையாட்டு மருத்துவமனையின் வராந்தாவில் பெஞ்சு முழுக்கக் கால்கள். ஒரு ஓட்டக்காரன் கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கால்பந்துக்காரன், கட்டுப் போட்ட தொடையை எதிர் நாற்காலியில் நீட்டி, போகிற வருகிறவர்களை எல்லாம் சுற்றிப் போக வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், சுவரோரமாக, ஏணி. உட்கார்ந்திருந்தபோதும் அவள் தலைதான் எல்லார் தலைக்கும் மேலே தெரிந்தது.

ஷாம்பு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்கு விழுந்த பெயர் அது. பேக்கிங் பிரிவில் மேல் தட்டிலிருக்கும் அட்டைப்பெட்டியை இறக்க மற்றவர்கள் கொம்பு தேடுவார்கள். அவள் கையை நீட்டினால் போதும். தொழிற்சாலையின் வாலிபால் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு அவளை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எதிரணி அடிக்கிற பந்தை நெட்டுக்கு மேலே எம்பி மறிப்பது அவள் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இவ்வளவு இருந்தும் அவள் இன்னமும் தற்காலிகத் தொழிலாளிதான். இந்த வருஷம் இறுதிப் போட்டியில் களம் இறங்குகிறவர்களை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. நிரந்தரமானால் காய்ச்சலுக்கு லீவு போடலாம். மறுநாள் வந்து, நம் இடம் இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்டில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். இந்த நேரம் பார்த்துத்தான் இடது முழங்கால் மக்கர் பண்ணியது.

எம்பிவிட்டுத் தரையில் இறங்கும்போது சில்லுக்குக் கீழே யாரோ திருகாணியை முடுக்குகிற மாதிரி இருக்கும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மோப்பம் பிடித்தது அண்ணிதான். அண்ணன் மனைவி, ஒரே வீடு, தொழிற்சாலையில் பாட்டில் ஓடுகிற பெல்ட்டிலும் அடுத்த இடம். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

"என்னடி, படியில நண்டு மாதிரி இறங்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா நேரா இறங்கு, பாப்போம்."

இறங்க முடியவில்லை. அண்ணி கையோடு கூட்டிக்கொண்டு வந்து இந்த மருத்துவமனையில் காட்டினாள்.

டாக்டர் கட்டைக் குரல்காரி. எலும்பு, தசை எல்லாம் படித்துவிட்டு, அதற்கும் மேலே அக்குபங்சரும் கற்றுக்கொண்டு வந்தவள். முடிபோல மெல்லிய ஊசிகளை ஏணியின் முழங்காலைச் சுற்றி ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒன்றை இரண்டு விரலால் மெதுவாகத் திருகினாள்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"கனமா இருக்கா? இழுக்கிற மாதிரி, மரத்துப் போற மாதிரி?"

"ஒண்ணுமே தெரியல."

டாக்டர் ஊசியை எடுத்து வேறிடத்தில் இறக்கினாள். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். போன வாரம் வந்தபோதும் இதே கூத்துதான். மைதானத்தில் வலி என்று வாயைத் திறந்தவள் பெஞ்சுக்குப் போவாள். பேக்கிங்கில் வாயைத் திறந்தவள் வீட்டுக்குப் போவாள். இரண்டு இடத்திலும் ஏணி கற்றுக்கொண்டது ஒரே பதிலைத்தான்.

டாக்டர் ஊசிகளை உருவித் தட்டில் போட்டு, தட்டை டக்கென்று மேஜையில் வைத்தாள்.

"சரிம்மா, எழுந்திரு. வலியே இல்லாத காலுக்கு ஊசி போடணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? வெளிய ஒருத்தன் தொடையக் கிழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்காவது போடறேன்."

ஏணி எழுந்திருக்கவில்லை. "டாக்டர், நான்..."

"மேலுதடு வேர்த்திருக்கு. கால்விரல் சுருண்டு கிடக்கு. வாய் மட்டும் ஒண்ணுமில்லங்குது. நான் எதை நம்பறது?"

"வலிக்குதுன்னு சொன்னா நீங்க மாஸ்டர்கிட்ட சொல்லிடுவீங்க. என்னைத் தூக்கிருவாங்க."

"இங்க பேசறது இந்தக் கதவைத் தாண்டாது. அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. ஆனா என்கிட்ட மறைச்சா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போடறவதான். எங்க, எப்படி இருக்குன்னு நீ சொன்னாத்தான் எனக்கு வழி தெரியும்."

ஏணி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குது டாக்டர்" என்றாள். சொன்னதும் அணை உடைந்தது. படி இறங்கும்போது, குனிந்து பெட்டி எடுக்கும்போது, பஸ்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போது, படுக்கையில் புரளும்போது என்று நிறுத்தாமல் அடுக்கினாள். அழுகை வந்தது. ஊசிக்குக்கூட அழாதவள், சொல்லிவிட்டதற்காக அழுதாள். அது அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது!

டாக்டர் மறுபடியும் ஊசியை இறக்கித் திருகினாள். "இப்ப?"

"நனைஞ்ச துணி மூட்டைய முழங்கால்ல இறக்கி வச்ச மாதிரி இருக்கு."

"அதேதான்!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் கால்பந்துக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "இதைத்தானே நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்! போய் உக்காருப்பா, இது உனக்கில்ல."

ஊசி எடுத்த பிறகு டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டாள். "ஊசி மந்திரம் இல்லம்மா. வலியக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். தணிஞ்சிருக்கிற நேரத்துல தொடைக்கும் முழங்காலுக்கும் பலம் ஏத்தறது உன் வேலை. கொஞ்ச நாளைக்குக் குதிக்கக் கூடாது."

குதிக்காமல் எப்படிப் பந்தை மறிப்பது? ஆனால் ஒரு தடவை திறந்த வாய் அன்று சாயங்காலமே மாஸ்டரிடமும் திறந்தது. அவர் தாம்தூம் என்று குதித்தார்.

"குதிக்காத ஆளை வச்சு நான் என்ன பண்றது? நெட்டுக்குக் கம்பமா நட்டு வைக்கவா?"

"இப்பக் குதிக்காம இருந்தா இறுதிப் போட்டியில குதிப்பேன் மாஸ்டர். இன்னிக்குக் குதிச்சா அன்னிக்கு நான் கம்பத்துக்குக்கூட ஆகமாட்டேன்."

இறுதிப் போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மாஸ்டர் முறைத்துக்கொண்டே இருந்தார். "பந்தாவது பொறுக்கிப் போடு" என்றார்.

பொறுக்கிப் போட்டாள். வெளியில் நின்று பார்க்கும்போதுதான் ஒன்று தெரிந்தது: அடிக்கிறவள் எந்தப் பக்கம் அடிக்கப் போகிறாள் என்பதை அவள் தோள் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாரம் தவறாமல் ஊசி. தினமும் வீட்டு வாசற்படியில் ஒற்றைக் காலால் மெல்ல இறங்குகிற பயிற்சி. அண்ணி காய் நறுக்கிக்கொண்டே உள்ளேயிருந்து எண்ணுவாள். ஏணி அவசரப்பட்டால், எண்ணினதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். சில நாள் வலி கூடும். கூடினால் டாக்டரிடம் போய் கூடியிருக்கிறது என்று சொன்னாள். இரண்டாம் மாதம் கடைசியில் மெதுவாக எம்பத் தொடங்கினாள். தரையில் இறங்கியபோது திருகாணி இல்லை. இன்னொரு தடவை எம்பிப் பார்த்தாள். இல்லவே இல்லை.

இறுதிப் போட்டியில் மாஸ்டர் அவளை முதல் செட்டிலேயே இறக்கிவிட்டார். களத்தில் கால் வைத்ததுமே வேலை நிரந்தரம், அதற்குமேல் கஷ்டப்படத் தேவையில்லை என்று நினைக்கிற ஜாதி இல்லை அவள். எதிரணியின் பெரிய அடிக்காரி எம்பியபோதெல்லாம் ஏணி அவள் தோளைப் பார்த்தாள், கை அந்தப் பக்கம் போயிற்று. கடைசி செட், கடைசிப் பந்து. அடிக்காரியின் வலது தோள் கொஞ்சமே கொஞ்சம் உள்ளே திரும்பியது. ஏணி எழும்பினாள். பந்து அவள் இரண்டு உள்ளங்கையிலும் மோதி, அடித்தவள் காலடியிலேயே விழுந்தது. பேக்கிங் பிரிவு மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. அண்ணி கத்திய கத்தலில் மறுநாள் முழுக்கக் குரல் வரவில்லை. கூட்டத்தில் நின்ற டாக்டர் இரண்டு விரலால் விசிலடித்தாள். மாஸ்டர் ஏணியைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அவள் கையைத் தூக்கிப் பிடித்தார். மேனேஜர் எல்லார் முன்னாலும் மைக்கில் சொன்னார், நிரந்தரம் என்று. ஏணி ஜெயித்துவிட்டாள். மகிழ்ச்சியில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

மேனேஜர் மாலை போட்டுவிட்டு, "முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்று சிரித்தார்.

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஏணி அதை விழுங்கிவிட்டாள்.

"குதிச்சா வலிக்கல சார். பெல்ட் முன்னாடி நாள் பூரா நின்னாத்தான் வலிக்குது."

மைக் பக்கத்திலேயே இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டுச் சிரித்தது. மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் காதில் ஏதோ சொன்னார்.

திங்கட்கிழமை காலை பெல்ட் ஓடத் தொடங்கியது. பாட்டில்கள் வந்தன. இரண்டு பக்கமும் வரிசையாகப் பெண்கள் நின்று மூடி திருகினார்கள். சூப்பர்வைசர் உயரமான ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுசு, கால்களில் சுற்றின பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

"உக்காரும்மா. மேனேஜர் உத்தரவு. உனக்கு மட்டும்."

ஏணி ஸ்டூலைப் பார்த்தாள். உட்காரவில்லை. பக்கத்தில் அண்ணி, மூடியிலிருந்து கையை எடுக்காமல், கம்மிய குரலில் சொன்னாள்.

"எனக்கும் வலிக்குது சார்."

"என்னது?"

"முழங்கால். ரெண்டும்."

ஏணி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரே வீடு, ஒரே பஸ், அடுத்தடுத்த இடம். அவளுக்கு இது தெரியவே தெரியாது. "எத்தனை நாளா அண்ணி? ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

எதிர் வரிசையிலிருந்து இன்னொருத்தி, "எனக்கு இடுப்பு சார்" என்றாள். "எனக்குக் குதிகால்." "எனக்கும்தான்." யாரோ சிரித்தார்கள், யாரோ இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். குரல் பெல்ட்டோடு கூடவே கடைசி வரை போயிற்று. அண்ணி மூடி திருகுவதை நிறுத்திவிட்டாள். ஏணியும் நிறுத்தினாள்.

சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே நின்றார். மூடி போடாத பாட்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாக அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் கையில் ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது.