குடுவைக்குள் போன சாப்பாடு

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் ஒருவர் தும்மினால் தெருவே படுத்துக்கொள்கிறது. அதே ஃப்ளூ வைரஸின் ஒரு புது வகையைக் குடுவையில் வளர்த்த செல்களுக்குள் அவள் விட்டுக் கெஞ்சினாலும் பெருக மாட்டேன் என்கிறது. நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் கடைசிச் சொட்டும் இந்தக் குடுவைக்குள் போய்விட்டது. இதுவும் ஏமாற்றினால் அந்தப் புது வகை கைவிட்டுப் போகும், அவளுடைய ஆராய்ச்சியும் அம்போ.

நுண்ணோக்கியில் பார்த்தாள். வைரஸ் பெருகியிருந்தால் செத்திருக்க வேண்டிய செல்கள் விருந்து முடித்த மாமனார் மாதிரி மொழுமொழுவென்று கிடந்தன.

செல் வளர்ப்பது அவள் கணவரின் வேலை. அதே ஆய்வகம், அடுத்த மேசை. வீட்டில் பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்காத மனிதர், செல்லுக்கு ஒன்றென்றால் துடித்துப்போவார்.

“என்னங்க, இதுல கை வச்சீங்களா?”

“நீ பட்டினி போட்டுட்டுப் போயிட்ட. பாவம், வாடிக் கிடந்துச்சு. அதுக்குச் சாப்பாடுன்னு துளி சீரம் ஊத்தினேன்.”

“போன தடவை?”

“அப்பவும்தான்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “வைரஸ் உள்ள போயி, செல்லை வச்சே தன்னை நகலெடுக்குது. பாகமெல்லாம் ஒண்ணா சேர்ந்து புது வைரஸா வெளிய வருது. ஆனா அதோட மேல் புரதத்தை நான் விட்ட டிரிப்சின் நொதி வெட்டிவிட்டாத்தானே அடுத்த செல்லுக்குள்ள நுழையும்? சீரம் டிரிப்சினை என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. குடுவையில் ஒட்டிய செல்களை டிரிப்சின் போட்டுப் பெயர்ப்பதும், போதுமென்றதும் சீரம் ஊற்றி அதை அடக்குவதும் அவருடைய அன்றாட வேலை. அவர் முகம் சுண்டிப்போனது.

“அப்ப வெளிய வந்த வைரஸெல்லாம் அந்தக் குடுவைத் தண்ணியில வெட்டுப்படாமதான் நிக்குதா?” என்றார் மெதுவாக.

அப்படியென்றால் வைரஸ் தொலையவில்லை, வெட்டிவிட்டால் போதும். கோபத்தில் அவளுக்கு இது தோன்றவேயில்லை.

அவர் தன் குடுவைகளில் நல்லதாக ஒன்றை எடுத்தார். சீரம் போக அலசி, டிரிப்சின் சேர்த்து அவளிடம் நீட்டினார். அவள் பழைய குடுவையின் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அதில் விட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாளில் செல்கள் உருண்டு, கழன்று, மிதந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

“என்னங்க, எல்லாம் செத்துப்போச்சு.”

அவர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். “நல்லா வளர்த்த செல்லு. அதான் இவ்வளவு வைரஸ் குடுத்திருக்கு.”

பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். சீரம் இருந்த குளிர்பெட்டியைப் பூட்டிச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.