பாலக் காசில் ஒரு கட்டைவிரல்

வீட்டில் அவருக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். ஊசி போடத் தெரியாது. வெள்ளிக் காசைப் பார்க்கக் கையுறை மாட்டுவார், அவ்வளவுதான். எல்லாம் நினைவு நாணயங்கள். செலவழிக்க அல்ல, சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி போல மின்ன அச்சடித்தவை. புரூஃப் என்பார்கள். வெறுங்கை பட்டால் போச்சு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து ரேகை பழுப்பாக எழும்பி வரும். துடைத்தால் பளபளப்பும் சேர்ந்து போய்விடும்.

அப்படித்தான் பாலக் காசில் எழும்பியது. ஒரு பாலத்தின் நூற்றாண்டுக்கு வந்த காசு அது. அதில் ஆற்றின் இரு கரையிலிருந்தும் இரண்டு கைகள் நீளும். கோத்த விரல்கள்தான் பாலம். அந்த விரல்களின் மேலேயே ஒரு கட்டைவிரல் ரேகை.

டாக்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். காசு இருந்த டப்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஆற அமரப் பார்த்தவர் தங்கையின் கணவர் ஒருவர்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவரிடம் டாக்டர் கேட்டுவிட்டார்.

"டப்பியத் திறந்தீங்களா மாப்ளே? கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். தங்கையும் பின்னாலேயே போனாள். அதற்கப்புறம் இருவரும் வாசற்படி மிதிக்கவில்லை.

"சாப்பிடற நேரத்துலயா கேக்கணும்?" என்றாள் மனைவி.

"தப்பு பண்ணினவங்களுக்குத்தான் சுருக்குனு இருக்கும்" என்று அவள் வாயை அடைத்தார்.

இன்று காலை பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு தெரிந்தது. எப்போதோ தகரம் கிழித்த தழும்பு. டாக்டருடைய கட்டைவிரலிலேயே இருக்கும் தழும்பு. காசு வந்த அன்று தங்கை போன் செய்தாள்; பேசுவதற்காக ஒரு கையுறையைக் கழற்றினார். பேச்சு சுவாரசியத்தில் அப்படியே காசை எடுத்து டப்பியில் வைத்திருக்கிறார். தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

தங்கைக்கு போன் போட்டார். வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "அண்ணே, நாங்களே சாயங்காலம் வர்றோம்."

வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு டப்பியை மேஜையில் வைத்தார்.

"அதே காசுதான் மச்சான், தேடிப் பிடிச்சேன். நான்தான் தெரியாமத் தொட்டிருப்பேன் போல. மனசுல வெச்சுக்காதீங்க."

செய்யாத தப்பைத் தான் செய்ததாகவே அந்த மனிதர் நம்பிவிட்டார். டாக்டர் டப்பியைத் திறந்து, புதுக் காசை வெறுங்கையாலேயே எடுத்தார்.

"தொட்டது நான்தான் மாப்ளே. இதோ பாருங்க தழும்பு. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இந்தாங்க, கையில வாங்கிப் பாருங்க."

"அட, விடுங்க மச்சான்" என்று சிரித்தார் மாப்பிள்ளை. நல்ல சிரிப்புதான். ஆனால் காசு பக்கத்தில் வந்ததுமே அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.